எழுந்து நின்ற மெம்பர்

"திருப்புடா வண்டியை! திருப்புன்னா திருப்பு!"

சொக்கநாதன் செட்டியார் முன் இருக்கையின் முதுகைக் கைத்தடியால் தட்டினார். டிரைவர் நாகராசு பின்கியரைப் போட்டான். கார் உறுமிக்கொண்டு கண்மாய்க் கரைமேல் பின்னோக்கிப் போனது. ஒரு பின்சக்கரம் சரளையில் வழுக்கிப் பாதி அந்தரத்தில் நின்றது. கீழே தண்ணீர்.

"மொதலாளி, இதுக்கு மேல நகட்டுனா நாம ரெண்டு பேரும் மீனுக்குத்தான்."

எதிரே கரை வளைவில் மேளச் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"இந்த வழி வேணாம்னு சொன்னேன்ல? ஏண்டா வந்தே?"

நாகராசு திரும்பாமலே சிரித்தான். "வெள்ளைச்சாமி அம்பலம்தான் சொல்லிவிட்டாக. மெம்பரைக் கரை வழியா ஓட்டிக்கிட்டு வந்துரு, எங்கிட்டும் விட்டுராதேன்னு. மரியாதை செய்யப் போறாகளாம்."

"மரியாதையா!"

செட்டியார் கதவைத் திறந்து குதித்தார். அங்கவஸ்திரம் கைப்பிடியில் மாட்டியது. இழுத்தார். கிழிந்தது. கிழிந்ததைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கரையின் மறுபக்கச் சரிவில் இறங்கி, ஒரு கருவை மரத்துக்குப் பின்னால் போய் நின்றார். புதுக்கோட்டை சமஸ்தானத்துச் சட்டசபையின் கனம் மெம்பர், வைரக் கடுக்கனும் பட்டுக்கரை வேட்டியுமாக, முள்மரத்துக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

மேளம் காருக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"எங்கப்பா மெம்பரு?" இது வெள்ளைச்சாமி அம்பலத்தின் குரல். கொன்னைவயலுக்குத் தலைவர். பேசினால் கண்மாயின் அக்கரைக்குக் கேட்கும்.

"அங்கிட்டு மரத்துக்குப் பின்னால கடுக்கன் மின்னுது," என்றாள் ஒரு பெண். "ஐயாவுக்கு அவசரம் போலருக்கு. ஏப்பா, மேளத்தைக் கொஞ்சம் நிறுத்துங்க. மனுசன் நிம்மதியா ஒதுங்கட்டும்."

கரை முழுவதும் சிரித்தது. செட்டியாருக்குக் காது மடல் கொதித்தது. வேறு வழியில்லை. வேட்டியை உதறிவிட்டு மேலே ஏறி வந்தார்.

அவர் ஓடிய காரணம் கொன்னைவயலில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் மேளம் வந்திருக்காது. கம்பு வந்திருக்கும்.

முந்தாநாள் சட்டசபை கூடியது. டவுன் பவர் ஹவுஸுக்குப் புது ஆயில் இன்ஜின்கள் வரப்போகின்றன. இன்ஜின் சூடாகாமல் ஓட ஓயாமல் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீருக்காகக் கொன்னைவயல் கண்மாயின் வரத்துவாரியை மேலேயே மறித்து டவுன் பக்கம் திருப்புவது என்று ஒரு தீர்மானம் வந்தது. வரத்துவாரி என்பது காட்டில் பெய்கிற மழையை எல்லாம் அள்ளிக் கண்மாயில் கொண்டுவந்து கொட்டுகிற வாய்க்கால். இந்தக் கண்மாய்க்கு அந்த ஒரு வாய்க்கால்தான். அதை மறித்தால் அடுத்த வருஷம் கண்மாய் கிரிக்கெட் மைதானம்.

தீர்மானம் ஒரே ஒரு ஓட்டில் நிறைவேறியது.

அந்த ஒரு ஓட்டு, கொன்னைவயல் ஜனங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய சொக்கநாதன் செட்டியாருடைய ஓட்டு.

சபைத் தலைவர் தீர்மானத்தை வாசித்து முடித்ததும் செட்டியார் எழுந்து நின்றார். முதல் ஆளாக எழுந்தார். சபை ஒரு கணம் அசந்துபோனது. பிறகு அங்கொருவரும் இங்கொருவருமாக எழுந்தார்கள். தலைவர் எண்ணினார். செட்டியார் உட்கார்ந்ததும் பக்கத்து நாற்காலிக்காரர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "கடைசியிலே நம்ம கட்சிக்கு வந்துட்டீரே, ஓய்! டவுனே உமக்கு விளக்கேத்தும்!" என்றார். செட்டியாரின் கை ஐஸ்கட்டி மாதிரி ஆகிவிட்டது. அந்த நிமிஷம் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மேஜையில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

இதையெல்லாம் பார்வையாளர் பெஞ்சியிலிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைச்சாமி அம்பலம்.

"வாங்க, வாங்க!" கரையில் அம்பலம் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு எதிரே வந்தார். "இந்தக் கண்ணால பாத்தேன்யா நான். இங்கிலீசுல பேச்சு நடக்குது. எனக்கு ஒரு எழவும் வெளங்கலை. ஆனா மொத ஆளா எந்திரிச்சது யாரு? நம்ம ஆளு! சிங்கம் மாதிரி எந்திரிச்சாரு!"

மேளக்காரன் 'சிங்கம்' என்ற இடத்தில் ஒரு தட்டு தட்டினான்.

"அப்புறம் பாத்தா ஒவ்வொருத்தனா எந்திரிக்கிறான். நானும் எண்ணிக்கிட்டே இருக்கேன். ஒக்காந்திருக்கிறவனை விட நிக்கிறவன் ஒரு ஆளு கூட! ஒரே ஒரு ஆளு! அந்த ஒரு ஆளு இவருதான். இவரு நிக்கலைன்னா நம்ம வாரி போச்சு."

செட்டியாருக்கு இப்போதுதான் முழுதும் புரிந்தது. கொன்னைவயலிலும் சுற்றுப்பக்கத்து ஊர்களிலும் கோயில் வாசலில் ஊர்க்கூட்டம் போடுவார்கள். எல்லோரும் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். தலைவர் விஷயத்தைச் சொல்லி, "என்னப்பா?" என்பார். சம்மதம் என்றால் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். சம்மதம் இல்லாதவன் துண்டை உதறிக்கொண்டு எழுந்து நிற்பான். எழுந்தவன் எதிர்க்கிறான் என்று அர்த்தம். எத்தனை தலைமுறை வழக்கமோ. அம்பலம் அந்தக் கண்ணோடுதான் சட்டசபையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். சபையிலோ சரி என்பவர்தான் எழுந்து நிற்க வேண்டும்.

தோற்றதை ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு ஒரு ஊரே மேளம் கொட்டுகிறது!

"அம்பலம்... நான் கொஞ்சம் தனியாப் பேசணும்."

"தனியா என்னங்க பேச்சு? ஊரு முன்னாடி பேசுங்க. மொதல்ல அய்யனாரு கோயிலுக்கு வாங்க."

தள்ளிக்கொண்டு போனார்கள். கரையோரத்தில் மண்குதிரைகளுக்கு நடுவே அய்யனார். பொங்கல் வாசனை. பூசாரி வேளார் தட்டில் சிவப்புப் பட்டுத்துணியை மடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். பரிவட்டம். இந்த ஊரில் அம்பலத்தைத் தவிர வேறு தலையில் அது ஏறியதில்லை.

கருவை மரத்தைக் காட்டிக்கொடுத்த பெண் இப்போது செட்டியாருக்கு எதிரே வந்து நின்றாள். பொன்னுத்தாய். கண்மாய்க்குக் கீழே கடைமடையில் அவளுக்கு நிலம். தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது அவள் வயல்.

"போன வருசம் கரி சுட வாரிக்கு மேல காட்டை வெட்ட வந்தாகள்ல, அப்பவும் நீங்கதான் சபையில கேள்வி கேட்டு நிறுத்துனீங்க. இப்ப இதையும் நிறுத்திட்டீங்க. ஒங்களுக்குக் கோயில்தான் கட்டணும்," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தாமலே, "மரத்துக்குப் பின்னால ஒளிஞ்சதை மட்டும் சிலையில காட்ட வேணாம்னு சொல்லிருவோம்," என்றாள்.

மறுபடி சிரிப்பு. செட்டியாரும் சிரிக்கப் பார்த்தார். உதடு ஒத்துழைக்கவில்லை.

"பொன்னுத்தாயி," என்றார் மெதுவாக, "திருமயத்துல தமுக்கு அடிச்சாங்களா?"

"அடிச்சான், அடிச்சான். சந்தையில கேட்டேன். வாரி விசயமா ஆட்சேபம் இருக்கிற குடியானவங்க இன்னைக்குச் சாயங்காலம் தாலுகா கச்சேரி மூடுறதுக்குள்ள அதிகாரி முன்னால நேருல வந்து சொல்லணுமாம். வராட்டி சம்மதம்னு எடுத்துக்குவாகளாம். போடா வெங்காயம்னு வந்துட்டேன். அதான் எங்க மெம்பரு அடிச்சு நொறுக்கிட்டாரே, எங்களுக்கு என்ன ஆட்சேபம்?"

வெயில் பனைமரத்தின் இடுப்புக்கு இறங்கியிருந்தது. கச்சேரி மூடிவிட்டால் எல்லாம் முடிந்தது. நாளைக் காலையில் கூலியாட்கள் மண்வெட்டியோடு வாரியின் தலைப்புக்கு வந்துவிடுவார்கள். தாம் எழுந்து நின்றதன் பலன் ஒருபுறம். இவர்கள் போகாமல் உட்கார்ந்திருப்பதன் பலன் மறுபுறம். இரண்டுக்கும் காரணம் தாமே.

ஒரு கடைசித் தந்திரம் செய்து பார்த்தார்.

"எதுக்கும் எல்லாரும் ஒரு எட்டுத் திருமயம் போயி, ஆட்சேபம்னு சொல்லிட்டு வந்துருங்களேன். கார் இருக்கு. நானே கூட்டிட்டுப் போறேன்."

அம்பலத்தின் முகம் மாறியது. "என்னய்யா பேசுறீக? நீங்க சபையில எந்திரிச்சு நின்னதுக்கு மேல நாங்க போயி ஆட்சேபம்னு நின்னா என்ன அர்த்தம்? மெம்பரு சொல்லு செல்லாது, அதனால நாங்களே வந்தோம்னு ஆயிராது? ஒங்களை நாங்க அப்படி அவமானப்படுத்துவோமா?"

"அவமானம் இல்லை, அம்பலம்..."

"வேணாம்யா. இந்த ஊருல ஒருத்தன் போக மாட்டான். போனவன் காலை ஒடிப்பேன்."

அவர்களுடைய மரியாதையே அவர்கள் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதை அவிழ்க்க ஒரே ஒரு வழிதான் இருந்தது.

வேளார் பரிவட்டத்தை விரித்தார். செட்டியாரின் தலையில் வைத்தார். ஒரு சுற்று. சங்கு ஊதினார்கள். இரண்டாவது சுற்று. பெண்கள் குலவையிட்டார்கள். துணி நெற்றியில் இறுக இறுக, செட்டியாருக்குத் தலைக்குள் பவர் ஹவுஸ் இன்ஜின் ஓடுகிற மாதிரி இருந்தது. வேளார் முடிச்சைப் போடக் கையைக் கொண்டுபோனார்.

செட்டியார் அந்தக் கையைப் பிடித்தார்.

"கட்டாதீக."

அவரே பரிவட்டத்தை அவிழ்த்தார். தட்டில் வைத்தார். அது நழுவி மடிப்புக் கலைந்து தரையில் விழுந்தது. எடுக்க யாரும் குனியவில்லை. சங்கு பாதியில் நின்றது.

"சபையில சரின்னு சொல்றவங்கதான் எந்திரிக்கணும். நம்ம ஊரு மாதிரி இல்லை, அங்க வேற மாதிரி." அவர் அய்யனாரைப் பார்த்துக்கொண்டே பேசினார். மனிதர்களைப் பார்க்க முடியவில்லை. "நிக்கிறவங்க கூடன்னு அம்பலம் எண்ணுனது சரிதான். தீர்மானம் செயிச்சிருச்சு. வாரியை மறிக்கப் போறாக. என் ஓட்டுலதான்."

கண்மாயில் ஒரு மீன் துள்ளி விழுந்த சத்தம் கேட்டது.

முதலில் பேசியது பொன்னுத்தாய்.

"கரண்டா?"

செட்டியார் கிழிந்த அங்கவஸ்திரத்தை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"ஒங்க வீட்டுக்குக் கம்பி இழுக்கப் போறாகன்னு சந்தையில பேசிக்கிட்டாக. வீட்டுல மக கலியாணம். வாசல்லேருந்து வளவு வரைக்கும் லைட்டுப் போட்டு ஊரையே பகலாக்கப் போறாகன்னு சொன்னாக. நாந்தான் நம்பலை. அதுக்குத்தானா?"

அவள் சொன்னதில் கம்பி வருவது உண்மை. கல்யாணமும் உண்மை. செட்டியார் தலையைக் குனிந்துகொண்டார். ஆமாம் என்று ஒருவர் சொல்வதற்கு அதைவிடத் தெளிவான பாஷை கிடையாது.

"த்தூ," என்றார் கூட்டத்தில் ஒரு கிழவர். எச்சில் செட்டியாரின் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. "மக கலியாணத்துக்கு எங்க கண்மாயையா சீதனம் குடுக்கிறே?"

'வாங்க' போய், 'நீங்க' போய், 'நீ' வந்துவிட்டது. செட்டியார் அதையும் வாங்கிக்கொண்டார். ஆச்சரியம் என்னவென்றால், அந்த வசவில் அவருக்கு ஒரு சின்ன நிம்மதி கூட இருந்தது. அது ஏன் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

"என்னை அப்புறம் திட்டுங்க," என்றார். "கச்சேரி மூடிருவாக. வண்டியில ஏறுங்க."

"ஒன் வண்டியில நான் ஏறுவேனா?" அம்பலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நடந்தே போவேன்."

"நடந்து போறதுக்குள்ள கச்சேரி மூடிரும்," என்றாள் பொன்னுத்தாய். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். "மனுசன் பண்ணுனதுக்கு வண்டி என்ன செய்யும்? ஏறுங்க அண்ணே. திட்டுறதை உள்ள ஒக்காந்து திட்டுங்க."

அந்தரத்தில் நின்ற சக்கரத்தை ஊரே சேர்ந்து தூக்கிக் கரையில் வைத்தது. உள்ளே திணிந்தார்கள். இரண்டு பக்கப் படியிலும் தொற்றிக்கொண்டார்கள். மற்றவர்கள் குறுக்குப் பாதையில் ஓடினார்கள். இடம் போதாமல் செட்டியாரும் படியில் நின்றார். நாகராசு ஒரு தடவை அவரைத் திரும்பிப் பார்த்தான். மொதலாளி என்று கூப்பிடவில்லை. ஆக்ஸிலரேட்டரை மிதித்தான்.

திருமயம் கோட்டை கண்ணில் பட்டபோது வெயில் அதன் உச்சியில் மட்டும் மிச்சமிருந்தது. வழியெல்லாம் அம்பலம் திட்டிக்கொண்டே வந்தார். பாட்டனிலிருந்து ஆரம்பித்துப் படிப்படியாக இறங்கிச் செட்டியாரிடம் வந்து சேர்ந்தார். செட்டியார் காற்றில் கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றார்.

கச்சேரி வாசலில் டவாலி சேவகன் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தான். விசாரணை அதிகாரி தொப்பியோடு படியிறங்கி வந்தார். மதராஸிலிருந்து வந்த இளவயதுக்காரர். சப்பாத்து பளபளவென்றிருந்தது.

செட்டியார் கார் நிற்குமுன் குதித்து, ஓடிப்போய்ப் படியின் குறுக்கே நின்றார். மூச்சு இரைத்தது.

"ஆட்சேபம்! கொன்னைவயல் ஆட்சேபம்!"

அதிகாரி முதலில் முகம் சுளித்தார். கடுக்கனைப் பார்த்ததும் ஆளை அடையாளம் தெரிந்துகொண்டு தொப்பியைத் தொட்டார். சேவகனைக் கதவைத் திறக்கச் சொன்னார். மேஜைக்குப் பின்னால் மறுபடி உட்கார்ந்தார். நல்ல மனிதர்தான். குடியானவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் தமிழில் விசாரித்தார். அம்பலம் உரக்கச் சொன்னார். பொன்னுத்தாய், "கண்மாய் வத்துனா நான் பவர் ஹவுஸ்லயா நாத்து நட முடியும்?" என்று கேட்டாள். அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டார். குறுக்குப் பாதையில் ஓடி வந்தவர்களும் வந்து சேர்ந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

எல்லோரும் முடித்ததும் அதிகாரி செட்டியார் பக்கம் திரும்பினார். மெம்பருக்கு உரிய மரியாதையோடு ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். கொஞ்சம் நீளமான கேள்வி.

செட்டியார் தலையை ஆட்டினார்.

அதிகாரி புருவத்தை உயர்த்தினார். மறுபடியும் கேட்டார், இந்தத் தடவை மெதுவாக, மேஜையில் விரலைத் தட்டிக்கொண்டு.

"ஏதாச்சும் சொல்லுங்கய்யா," என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. "ரங்கூன்ல கடை வச்சு வெள்ளைக்காரனோட மல்லுக்கட்டுனவருதானே. பேசுங்க."

செட்டியாரின் நெற்றியில் பரிவட்டம் அழுத்திய தடம் இன்னும் சிவந்திருந்தது. அதில் வேர்வை வழிந்தது.

"தமிழ்ல கேளுங்க," என்றார்.

அதிகாரி ஆச்சரியப்பட்டார். ஆனாலும் தமிழில் கேட்டார். "இவங்க ஆட்சேபத்தை நான் பதிவு பண்ணிக்கிறேன். ஆனா இவங்க பிரதிநிதி நீங்க. முந்தாநாள் சபையில் இவங்க சார்பா நீங்களே சம்மதம் கொடுத்திருக்கீங்க. மேலே கேட்பாங்களே, ஊர்ச் சம்மதத்தோடுதானே நிறைவேறிச்சுன்னு. நீங்க ஏன் அன்னைக்குச் சரின்னு எழுந்தீங்க, இன்னைக்கு ஏன் வேண்டாங்கறீங்க? அதுக்கு ஒரு நியாயமான காரணம் இல்லைன்னா இவங்க ஆட்சேபம் நிக்காது."

"கரண்டுதான் காரணம்," என்றார் அம்பலம் கடுப்பாக. "அவரு வீட்டுக்குக் கம்பி வருது."

"அந்த லைன் போன வருஷமே சாங்ஷன் ஆனது," என்றார் அதிகாரி. "நானே பார்த்தேன். இந்தத் தீர்மானம் தோத்திருந்தாலும் வரும். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லையே."

அம்பலம் விழித்தார். வாசலில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பொன்னுத்தாய் செட்டியாருக்கு நேரே வந்து நின்றாள்.

"அப்ப எதுக்குத்தான்யா எந்திரிச்சீங்க?"

இத்தனை நேரம் அவருக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்த அந்தப் பொய்யும் போய்விட்டது. காசுக்கு விலைபோனவன் என்று ஊர் சொல்லட்டும், அதைத் தாங்கிக்கொள்ளலாம் என்றுதான் கரையிலிருந்து இங்கே வரை வந்தார். விலைபோனவனை ஊர் திட்டத்தான் செய்யும். இதற்குச் சிரிக்கும்.

"கேள்வியெல்லாம் என் வக்கீல் எழுதித் தருவாரு," என்றார். குரல் எழும்பவில்லை. "சபையில கேள்வி நம்பரைச் சொன்னாப் போதும். அன்னைக்கு வாரி விசயம் வருது, எதுத்து ஓட்டுப் போட்ருங்கன்னு சொல்லித்தான் அனுப்புனாரு. எதுக்கத்தான் போனேன். தமிழ்ல சொல்லுங்கன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பாக. கேக்க வெக்கமாயிருந்துச்சு. தலைவர் வாசிச்சு முடிச்சுட்டு என்னமோ சொன்னாரு. எதுக்கிறவங்க எந்திரிங்கன்னு சொல்றாருன்னு நெனைச்சேன். நம்ம வழக்கம் அதானே. அதான் மொத ஆளா எந்திரிச்சேன்."

அதிகாரியின் பேனா அந்தரத்தில் நின்றது.

"சத்தமாச் சொல்லுங்க," என்றார். "எல்லாருக்கும் கேட்கணும்."

சொக்கநாதன் செட்டியார் வாசல் பக்கம் திரும்பினார். அன்றைக்கு முதல் தடவையாக அவர்கள் முகத்தைப் பார்த்தார்.

"எனக்கு இங்கிலீசு தெரியாது."